எட்டுத் தட்டிகளில் பூவும் பறவையும்: தில்லியில் வாங்கிய ஒரு கொரிய மடிப்புத் திரை

தெற்கு தில்லியில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் நெடுநாள் விலைபோகாமல் நின்றிருந்த கொரிய மடிப்புத் திரை ஒன்றை வாங்கி, வீட்டுக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறோம். மொத்தம் 8 தட்டிகள். உயரம் 5 அடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு தட்டியும் ஒன்றேகால் அடி அகலம். முழுக்க நீட்டினால் 10 அடி வரும். கடைக்காரர் 6 லட்சம் ரூபாயில் தொடங்கி 3.25 லட்சத்தில் நின்றார். அந்த விலைக்கு இது தகும் என்பதே என் முடிவு. ஆனால் கடையில் சொன்ன காரணங்கள் எதற்காகவும் அன்று. அங்கே இதை அரண்மனைப் பொருள் என்றும், சுவரில் மாட்டும் ஓவியம் என்றும் விற்றார்கள். இது இரண்டும் இல்லை.

தில்லிச் சந்தையில் சீனப் பீங்கானும் திபெத்தியத் தங்கா ஓவியமும் கண்ணில் படும் அளவுக்குக் கொரியப் பொருள்கள் படுவதில்லை. தூதரகங்களிலும் வெளிநாட்டு நிறுவனங்களிலும் பணிபுரிந்தவர்கள் ஊர் திரும்பும்போது விற்றுச் செல்லும் வீட்டுச் சாமான்களோடு எப்போதாவது ஒன்று வரும். இதுவும் அப்படி வந்தது என்றார்கள். அதற்கான காகிதம் எதையும் காட்டவில்லை.

கொரியர்கள் பியோங்புங் என்று அழைக்கும் இத்தகைய திரை, ஜோசன் அரச மரபின் காலத்தில் (1392–1910) அரண்மனை முதல் ஓரளவு வசதி படைத்த குடும்பம் வரை புழங்கிய பொருள். தரைக்கு அடியில் சூடேற்றும் ஓண்டோல் அறைகளில் மக்கள் தரையிலேயே அமர்ந்து, உண்டு, உறங்கினார்கள். தாள் ஒட்டிய கதவுகளின் இடுக்கில் புகும் குளிர்காற்றை முதுகுக்குப் பின்னால் தடுத்து நிறுத்துவது திரையின் வேலை. திருமணம், குழந்தையின் முதல் பிறந்தநாள், முன்னோர் வழிபாடு, இறப்பு என ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஏற்ற திரையை எடுத்து விரித்தார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சி நிறைவதைப் பெரும் விழாவாகக் கொண்டாடும் வழக்கம் நமக்கும் அவர்களுக்கும் பொது என்பதால், அந்த விருந்தில் பெரியவரின் பின்னால் திரை விரிந்து நின்றதைக் கற்பனை செய்வது தமிழர்களுக்குக் கடினமாக இருக்காது.

எங்கள் திரை பூக்களும் பறவைகளும் கொண்ட வகை. வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு செல்ல வேண்டும். முதல் தட்டியில் பிளம் மரக்கிளையில் இரண்டு மேக்பை பறவைகள், அடுத்ததில் பியோனிச் செடியின் அடியில் ஃபெசன்ட் கோழிகள், மூன்றாவதில் வில்லோ மரமும் மஞ்சள் குருவிகளும், நான்காவதில் சாமந்தியும், முற்றிச் சாய்ந்த தினைக்கதிர்களுக்குக் கீழே காடைகளும், ஐந்தாவதில் தாமரைக் குளமும் மாண்டரின் வாத்துகளும், ஆறாவதில் பீனிக்ஸ், ஏழாவதில் நாணலும் காட்டு வாத்துகளும், இடக்கோடியில் பைன் மரமும் நாரைகளும். எல்லாம் இணை இணையாகவே இருக்கின்றன. மணமக்கள் அறைக்கும் மகளிர் அறைக்கும் இத்தகைய திரைகளை வைத்தார்கள் என்பதற்கு அந்த இணைகளே சான்று. பிரிவறியாத மகன்றில் பறவைகளைச் சங்கப் பாடல்களில் கண்டவர்களுக்கு, மாண்டரின் வாத்துகள் ஏன் கொரியத் திருமணங்களில் இடம்பெற்றன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஓவியரின் கை எல்லாத் தட்டிகளிலும் ஒரே தரத்தில் இல்லை. பாறைகளின் புறக்கோடு வேகமாக, கிட்டத்தட்ட அலட்சியமாக இழுக்கப்பட்டிருக்கிறது. மரப்பட்டையின் சொரசொரப்புக்கு ஒரே தூரிகை அசைவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார். பீனிக்ஸ் தேறவேயில்லை, வால் நீண்ட சேவலாக நிற்கிறது. ஆனால் காடைகள் இருக்கும் நான்காம் தட்டி, இந்தத் திரைக்குக் கொடுத்த பணத்தில் பாதியை அது ஒன்றே திருப்பித் தந்துவிடும் என்று சொல்லத்தக்கது. உருண்டு திரண்ட உடல், இறகு இறகாகப் பிரித்துக் காட்டும் பழுப்பின் பல நிலைகள், ஒன்று தலைகுனிந்து கொத்த மற்றொன்று அண்ணாந்து கதிரைப் பார்க்கும் நிலை: இவர் காடையை வயலில் பார்த்திருக்கிறார், பீனிக்ஸை மாதிரிப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். தினைப்புனம் காத்த கதைகளில் வளர்ந்த நமக்கு அந்தக் கதிர்களின் வளைவே போதும்.

இத்திரையை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் கடை பெரிதும் தவறியது. பத்தடியையும் தட்டையாக நீட்டிச் சுவரோடு சாய்த்து, மேலே இருந்து கூசும் விளக்கைப் பாய்ச்சி, நின்றபடி பார்க்க வைத்தார்கள். "பின்னால் கொக்கி பொருத்திச் சுவரில் மாட்டிவிடலாம், ஆள் அனுப்புகிறோம்" என்பது அவர்கள் அளித்த இலவசச் சேவை. மடிப்புத் திரையைத் தட்டையாக்கினால் அதன் ஓவிய அமைப்பே குலைந்துவிடும். முன்னும் பின்னுமாக மடித்து நிறுத்தும்போது பத்தடி நீளம் ஏழரை அடியாகச் சுருங்கி, ஒவ்வொரு இரண்டு தட்டிகளும் திறந்த புத்தகத்தின் இரு பக்கங்களைப் போல ஒன்றையொன்று நோக்கித் திரும்புகின்றன. வலப்புறத்திலிருந்து நடந்து வந்தால் ஒன்றுவிட்ட தட்டிகள் மட்டும் முதலில் தெரிகின்றன. நடுவுக்கு வந்ததும் மற்றவை ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கின்றன.

பார்க்கும் உயரமும் அவ்வளவு முக்கியம். எட்டுத் தட்டிகளிலும் பறவையும் நீரும் பாறையும் கீழ் மூன்றில் ஒரு பங்கில் செறிந்திருக்கின்றன. மேலே கிளைகளும் வெற்றிடமும்தான். நின்று பார்ப்பவருக்குக் கண்மட்டத்தில் கிடைப்பது கிளை நுனி. ஜமக்காளத்தில் சம்மணமிட்டு அமர்ந்து பார்த்தால் காடையும் வாத்தும் நேர்க்கண்ணில் வருகின்றன, பைன் மரம் தலைக்கு மேலே உயர்கிறது, தாமரை இலைகளின் அடிப்பக்கம் தெரிவதுபோல ஒரு மயக்கம் உண்டாகிறது. சோபா போட்ட கூடத்தில் இதை வைப்பவர்கள் பாதித் திரையைத்தான் வாங்கியவர்கள் ஆவார்கள்.

அடுத்தது, "18-ஆம் நூற்றாண்டு, அரச மாளிகை" என்று அட்டையில் எழுதி வைத்திருந்த வரலாறு. ஜோசன் அரசவைக்குத் தோஹ்வாசோ என்ற ஓவியப் பணியகம் இருந்தது. அங்கிருந்து வந்த பெரும் திரைகள் பொதுவாகப் பட்டில், அடர்ந்த கனிம வண்ணங்களால், சீரான மேற்பார்வையில் வரையப்பட்டவை. அரியணையின் பின்னால் சூரியனும் சந்திரனும் ஐந்து சிகரங்களும் கொண்ட திரை நிற்பது மரபு. 1791-இல் மன்னர் ஜோங்ஜோ அந்த இடத்தில் புத்தக அலமாரி வரைந்த திரையை வைக்கச் செய்தார் என்பது பதிவான செய்தி. உண்மையான அரசவைத் திரை சில நேரங்களில் தன் பிறப்பைத் தானே சொல்லும். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள பத்துத் தட்டித் திரையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். பட்டத்து இளவரசர் பெரியம்மையிலிருந்து மீண்டதை நினைவுகூர்ந்து 1879–1880-இல் செய்யப்பட்ட அத்திரையில், நீண்ட ஆயுளைக் குறிக்கும் பத்துப் பொருள்களை வரைந்ததோடு, தொடர்புடைய அதிகாரிகளின் பெயர்களையும் கடைசித் தட்டிகளில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் திரையில் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை, பட்டும் இல்லை. ஹன்ஜி எனப்படும் மரப்பட்டைத் தாளில், படிகாரமும் வஜ்ஜிரப் பசையும் பூசி வண்ணம் ஏற்றிய சந்தை ஓவியம் இது. அதனால் இதற்குக் குறைவு ஏதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சியோலின் குவாங்தொங் பாலத்தை ஒட்டி ஓவியக் கடைகள் இருந்தன. ஊர் ஊராகச் சென்று வரைந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். இன்று மின்ஹ்வா என்று போற்றப்படும் இந்த மக்கள் ஓவியங்களை அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஜப்பானியரான யானகி முனேயோஷி (1889–1961) முதன்மையானவர். பீனிக்ஸைச் சேவலாக்கும் துணிவு அரசவை ஓவியருக்கு வராது. அந்தத் துணிவுக்காகவே இவ்வகையை விரும்புவோர் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குத் தாராள மனம் இல்லை, காடைக்காக வாங்கினேன்.

விலை பேசி முடிப்பதற்கு முன், தாள் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருக்கும் தமிழ்த் தோழி ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். கடைக்காரர் விளக்கைப் போட்டு வண்ணங்களைக் காட்டத் தொடங்கியதும் அவர், "முன்பக்கம் அப்புறம் பாத்துக்கலாம் அண்ணா, முதல்ல திருப்பச் சொல்லுங்க" என்றார். ஏறத்தாழ எல்லாச் செய்திகளும் பின்பக்கத்தில்தான் இருந்தன.

தட்டி என்பது லேசான மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த கூடு. அதன் மேல் அடுக்கடுக்காகத் தாள் ஒட்டி, அதற்கு மேல் ஓவியத்தை ஒட்டி, சுற்றிலும் பூவேலைப் பட்டால் கரை கட்டுவார்கள். அடுக்குகளுக்குப் பழைய கடிதங்களும் கணக்குத் தாள்களும் பயன்பட்டன என்பதால், கிழிந்த மூலை ஒன்று கிடைத்தால் அதை ஆவணமாகவே பார்க்க வேண்டும். எங்கள் திரையின் ஏழாம் தட்டியில் பின்தாள் கிழிந்த இடத்தில் அச்சிட்ட செய்தித்தாள் தெரிகிறது. சீன எழுத்துகளுக்கு நடுவே ஜப்பானியக் கானா எழுத்துகள். வெளிச்சட்டம் கருப்பு அரக்குப் பூச்சும் மூலைகளில் உலோகப் பூணும் கொண்டது, அதாவது ஜப்பானிய முறை. கொரியத் திரைகள் பலவற்றுக்கு உள்ள குட்டையான கால்கள் இதற்கு இல்லை. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த 1910–1945 காலத்திலோ அதற்குப் பின்னரோ, ஜப்பானிய முறை அறிந்த ஒருவர் பழைய ஓவியங்களை எடுத்துப் புதுக் கூட்டில் ஏற்றியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

அப்படி ஏற்றும்போது வரிசையும் மாறிவிட்டது. கோடைக்குரிய தாமரை, இலையுதிர் காலச் சாமந்திக்குப் பின்னால் வருவது முதலிலேயே உறுத்தியது. மக்கள் ஓவியத் திரைகள் பருவ வரிசையைக் கறாராகப் பின்பற்றுவதில்லை என்பதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல இயலாது. ஆனால் மூன்றாம் தட்டியின் இடக்கோடியில் ஓவியத்தாளின் அடியில் ஏறும் பழைய நீர்க்கறை நான்காம் தட்டியில் இல்லை. ஐந்தாவதின் வலக்கோடியில் அதே உயரத்தில் மீண்டும் தொடர்கிறது. நான்கையும் ஐந்தையும் இடம் மாற்றினால் கறையும் சேர்கிறது, பருவமும் சேர்கிறது. இதைக் கடைக்காரரிடம் காட்டியபோதுதான் விலை கணிசமாக இறங்கியது.

வண்ணங்களுக்கு வருவோம். சிவப்பு, சாதிலிங்கமாக இருக்கலாம், நன்றாக நிற்கிறது. தாமரை இலைகளின் பச்சைதான் கவனிக்கத்தக்கது. மலாக்கைட் கல்லை அரைத்துச் செய்யும் பச்சை, பரல் பரலாக, மங்கலாக இருக்கும். இது நீலம் கலந்த, பளிச்சென்ற பச்சை. ஐரோப்பாவில் 1814-இல் உருவாகி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்காசியாவில் பரவிய எமரால்டு பச்சை என்று தோழி ஐயுற்றார். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல மாட்டேன், எக்ஸ் கதிர்க் கருவி வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அது அந்தப் பச்சைதான் என்றால் 18-ஆம் நூற்றாண்டு என்ற பேச்சு அத்துடன் முடிந்தது. அதைவிட முக்கியம், அதில் செம்போடு ஆர்செனிக்கும் உண்டு. மஞ்சள் நிறக் கனிமமான நம் அரிதாரத்தைப் போலவே நஞ்சு. ஆகவே, குழந்தைகள் உள்ள வீட்டில் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. ஓவியம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்பது என் கணிப்பு.

கீல்களைப் பற்றி நல்ல சொல் ஒன்று சொல்ல வேண்டும். உலோகம் எதுவும் இல்லை. தட்டிகளின் விளிம்புகளில் மாறி மாறி ஒட்டிய தாள் பட்டைகளே கீல். இருபுறமும் மடங்குகின்றன, நடுவில் இடுக்கே விழுவதில்லை. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையே மேல் கீல் மட்டும் கிழிந்திருக்கிறது. கடையில் அதைச் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். பழைய தாளின் மீது செல்லோடேப்பை ஒட்டும் கையைக் கண்டால் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத விரும்பவில்லை. அதன் பசை மஞ்சளாகிப் பட்டுக்கரைக்குள் இறங்கிவிட்டது.

ரசீது தந்த விதமும் அப்படியே. அட்டையில் 18-ஆம் நூற்றாண்டு என்று எழுதியவர்கள், ரசீதில் "அலங்காரத் திரை, பழைய பாணி" என்று மட்டும் எழுதினார்கள். காரணம் எளிது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத ஓவியம் தொல்பொருள் ஆகும். அதை விற்கும் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும், வாங்குபவர் பதிவு செய்ய வேண்டிவரும், தனிமனிதர் எவரும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாது. விலை பேசும்போது பழையதாகவும் சட்டம் பேசும்போது புதியதாகவும் ஒரே பொருள் இருக்க முடியாது. காலம், ஊர், மூலப்பொருள், பழுது ஆகிய நான்கையும் ரசீதில் எழுதித் தரும்படி வற்புறுத்தியபின், "சுமார் 1900, கொரியா, தாளில் வண்ணம், மறுகட்டு" என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். அத்தகைய ரசீது இல்லாமல் பணம் தர வேண்டாம். நாளைக்குப் பணிமாற்றலில் வெளிநாடு செல்லக்கூடிய குடும்பங்கள் இதை வாங்கும் முன் இருமுறை யோசிக்கட்டும். கொண்டுவந்து இறக்கிய ஆட்கள் பொறுமையானவர்கள்; ஆனால் குமிழி உறையை நேரடியாக ஓவியத்தின் மீது சுற்றியிருந்தார்கள். நாங்களே மெல்லிய பருத்தித் துணியும் அமிலமில்லாத் தாளும் எடுத்துச் சென்று, மாற்றிச் சுற்றச் சொன்னோம்.

தில்லி வீட்டில் இதை வைத்துக்கொள்வது எளிதன்று. மே, ஜூன் மாத வெப்பத்தில் காற்று வறண்டு மரக்கூடு சுருங்கும். ஜூலையில் மழை வந்ததும் அதே மரம் ஊறி விரியும். நடுவில் இழுபடுவது தாள். குளிர்காலத்தில் அறை ஹீட்டர் வேறு. ஈரக் காற்றை வீசும் கூலருக்கு எதிரில் வைத்தால் ஒரே கோடையில் கோதுமைப் பசை விட்டுவிடும். நாங்கள் வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் தவிர்த்து உள்சுவர் ஓரமாக, சன்னல் வெயில் விழாத இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். இத்தகைய ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் ஒளியைத்தான் அனுமதிக்கின்றன. ஒரு சிறு மங்கல் விளக்கே போதும். மின்விசிறியை முழு வேகத்தில் ஓட்டினால் கடைசித் தட்டி அசைகிறது, எனவே மடிப்புக் கோணத்தைக் குறுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

எதிர்பாராத தொல்லை, தரை துடைப்பது. கால்கள் இல்லாத திரை நேரே மொசைக் தரையில் நிற்கிறது; தினமும் ஈரத்துணி போகும் வழியில் அதன் அடிச்சட்டம் இருக்கிறது. ஓர் அங்குல உயரத்தில் தேக்குக் கட்டைகள் செய்து, மேலே ஃபெல்ட் ஒட்டி, அதன் மேல் ஏற்றிவிட்டோம். திரைக்கென்று கால்கள் வைத்த கொரியத் தச்சரின் அறிவு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. பசையை நாடி இராமபாணப் பூச்சி வரும் என்பதால் மாதம் ஒருமுறை மடிப்புகளைத் திறந்து பார்க்கிறோம். அந்துருண்டையை மடிப்புக்குள் போட வேண்டாம் என்பது தோழியின் கண்டிப்பான அறிவுரை.

செல்லோடேப் கறையையும் கிழிந்த கீலையும் சரிசெய்ய, லோதி எஸ்டேட்டில், பண்பாட்டு மரபைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு நடத்தும் பாதுகாப்புக் கூடத்தை அணுகலாம் என்று தோழி சொல்லியிருக்கிறார். தட்டிகளின் வரிசையைத் திருத்துவது அப்படிப்பட்ட சிறு வேலை அன்று. கீல்கள் அனைத்தையும் பிரிக்க வேண்டும், கிழக்காசிய முறையில் மீண்டும் கட்டத் தெரிந்த கை வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கீல்களை அதற்காக அறுப்பதில் எனக்கு விருப்பமில்லை. தாமரை கொஞ்ச காலம் சாமந்திக்குப் பின்னாலேயே பூக்கட்டும்.

அதே கடையில் இன்னொரு திரையும் நிற்கிறது: புத்தக அலமாரி வரைந்த பத்துத் தட்டித் திரை, விலை இதைவிட அதிகம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கோடுகள் எல்லாம் அச்சுப் புள்ளிகளாகச் சிதறுகின்றன, ஓரங்களில் தேநீர் நிறத்தில் சாயம் பூசிப் பழமை ஏற்றியிருக்கிறார்கள். அதன் அட்டையிலும் அரச மாளிகை என்றே எழுதியிருக்கிறது. அதை வாங்க வேண்டாம்.